அந்த இரும்பு

இந்தா தாயி, அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டிக்கோ, நான் காலை நீட்டிக்கிறேன். இடது காலை ரொம்ப நேரம் மடக்கி உக்கார முடியாது. உள்ள பிளேட்டு இருக்கு. ஆமா, பிளேட்டுதான். முழங்காலுக்குக் கீழயிருந்து கரண்டை வரைக்கும் ஒரு பட்டை, அதுல வரிசையா ஸ்க்ரூ வச்சு முடுக்கியிருக்கு. எக்ஸ்ரேயில பாத்தா எங்க வீட்டு வாசக்கதவுக் கீலு மாதிரியே இருக்கும். நாளைக்குக் காலையில மதுரையில அதைக் கழட்டப் போறாக. பயமா? எனக்கென்ன பயம். கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்கு, சத்தியமா. காலையில எந்திரிச்சதுல இருந்து சிரிப்புச் சிரிப்பா வருது. இவளுக்கு ஆபரேசன் காலுக்கா தலைக்கான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டுப் போறாரு.

கொஞ்சம் மெதுவாப் பேசணும். முன் சீட்டுல சன்னலோரம் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி வாயைத் தொறந்து தூங்குறா பாரு, அவ எங்க நாத்தனா. வீட்டுக்காரருக்கு நேர் தங்கச்சி. பேரு பேச்சி. பேருதான் பேச்சி, எங்கிட்ட மட்டும் பேச்சே கெடையாது. ஒரே வாசல்ல பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பஸ்ஸு, எனக்குத் துணைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வர்றா. ஆனா பேச மாட்டோம். பேரையூர்ல ஏறுனதும் நான் 'ரெண்டு மதுரை'ன்னேன், முன்னால இருந்து அவளும் 'ரெண்டு மதுரை'ன்னா. அந்தக் கண்டக்டர் நாலு டிக்கெட்டைக் கிழிச்சுட்டு இன்னும் ரெண்டு பேரு எங்கன்னு சீட்டு சீட்டாத் தேடிட்டு வந்தாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அவளும் சிரிச்சிருப்பா, முதுகு குலுங்குச்சு. ஆனா திரும்பல. வீம்பு.

கதையைக் கேளு. போன பொங்கலுக்கு முந்துன பொங்கல். எங்க ஊரு எளவட்டப் பயலுக பொம்பளைகளுக்கு மியூசிக்கல் சேர் வச்சிருந்தாங்கெ. அம்பதை நெருங்குற வயசுல நமக்கு எதுக்குன்னு நான் ஒதுங்கித்தான் நின்னேன். ஒருத்தன் மைக்குல, அன்னமயில் அக்கா பயந்துருச்சான்னு கேட்டுட்டான். ஊரே பாக்குது, சும்மா நின்னா நல்லாயிருக்குமா? சேலையைத் தூக்கிச் சொருகிட்டு எறங்கிட்டேன். எறங்குன பெறகு நான் ஆளே வேற தாயி. வாத்தியாரு பொண்டாட்டி போனா, டீக்கடைக்காரி போனா, எளசுக எல்லாம் செல்லுல படம் பிடிக்கிற மும்முரத்துல ஒண்ணொண்ணாக் கழண்டுக்கிருச்சுக. கடைசியில ஒரே ஒரு நாற்காலி. சுத்துறது ரெண்டு பேரு. நானும் இந்தப் பேச்சியும்.

பரிசு எவர்சில்வர் டிபன் கேரியரு. எனக்கு அதுமேல எல்லாம் ஆசை கெடையாது. ஆனா அது அவ வீட்டு அலமாரிக்குப் போயிறக் கூடாதுல்ல. பாட்டு நின்னுச்சு. நான்தான் முதல்ல உக்காந்தேன், இதை எங்க கேட்டாலும் சொல்லுவேன். உக்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம், சும்மா ஒரு சாண், என் பக்கமா இழுத்தேன். உக்காரணும்னா இழுக்கத்தானே செய்வாக? இவ, நாற்காலி இருந்த எடத்துலயே இருக்குங்கிற நெனப்புல காத்துல உக்காந்து, தடுமாறி, மொத்த ஒடம்போட எம்மேல வந்து விழுந்தா. பிளாஸ்டிக் நாற்காலி தாங்குமா? மடக்குன்னு ஒரு சத்தம். நாற்காலிக் காலு ஒடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். நாற்காலிக் காலும் ஒடிஞ்சுதான் கெடந்துச்சு. அதுக்கு அடியில என் காலும் ஒடிஞ்சு கெடந்துச்சு. டிபன் கேரியரை மூணாவதா வந்தவ தூக்கிட்டுப் போயிட்டா, அதைக் கேக்க ஒரு நாதியில்ல.

நூத்தியெட்டு வண்டியில போட்டு மதுரைக்குக் கொண்டாந்தாக. வழியெல்லாம் இவ அழுக. ஒடிஞ்சது எங்காலு, ஒப்பாரி அவ. அழுகையை நிறுத்துடி, எனக்கு வலிக்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதுன்னு நான் சத்தம் போட்டேன். ஆஸ்பத்திரியிலயும் விட்டாளா? ராப்பகலா கட்டிலுக்குக் கீழயே கெடந்தா. ஒண்ணுக்குப் பாத்திரத்தை நர்ஸம்மா தொடுறதுக்குள்ள இவ தொட்டுருவா. தலை சீவி விடுறது, முதுகு தொடைச்சு விடுறது, கஞ்சியை ஊதி ஊதிக் குடுக்கிறது. நான் என்ன பச்சப்புள்ளையா? பக்கத்துக் கட்டில்காரி, உங்க கூடப்பொறந்த தங்கச்சியான்னு கேட்டா. இல்லம்மா, நாத்தனான்னேன். அவ நம்பல. அப்படி ஒரு நடிப்பு.

ஆபரேசன் தியேட்டருக்குள்ள என்னையத் தள்ளிக்கிட்டுப் போனாகளா, வெளிய வராந்தாவுல நின்னுக்கிட்டு இவ ஒரு வேலை பாத்தா. அதுலதான் தாயி எல்லாக் கூத்தும். எங்க ஊருக் காவல் சாமி கருப்பு. கருப்பனுக்கு இரும்புன்னா உசுரு. கோயில்ல போயிப் பாத்தீன்னா சாமி தெரியாது, வேண்டிக்கிட்டுக் கொண்டாந்து நட்ட அருவாளாத்தான் தெரியும். உள்ள கம்பி வைக்கப் போறாகன்னு யாரோ சொல்லியிருக்காக. இவ கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "கருப்பா, எங்க மதினி காலைச் சேத்துக் குடு. அவுக காலுக்குள்ள வைக்கிற அந்த இரும்பை எடுத்தாந்து உன் காலடியில வைக்கிறேன். வைக்கிற வரைக்கும் என் கால்ல செருப்பு ஏறாது"ன்னுட்டா.

நல்லாக் கவனிச்சியா? ஒரு இரும்புன்னு சொல்லல. அந்த இரும்புன்னு சொல்லிட்டா.

நான் தையல் பிரிச்சு வீட்டுக்கு வந்து, கம்பு ஊனி நடக்க ஆரம்பிச்ச பெறகுதான் எனக்கே சங்கதி தெரியும். இவ வெயில்ல வெறுங்காலோட தத்தித் தத்திப் போறா, என்னடின்னு கேட்டா சொல்றா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். காலு யாரு காலு? வேண்டுறவ தன் முடியை வேண்டணும், தன் ஆட்டுக்குட்டியை வேண்டணும். அடுத்தவ எலும்புக்குள்ள இருக்கிறதை எடுத்துக் குடுக்கிறேன்னு சாமிகிட்ட வாக்குக் குடுப்பாளா ஒருத்தி? வாசல்ல வச்சே கேட்டுட்டேன். "மேல விழுந்து ஒடிச்சவளும் நீ, வேண்டுனவளும் நீ, அறுபடுறது மட்டும் நானா"ன்னேன். வாயை மூடிக்கிட்டு உள்ள போனவதான், இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட வாயைத் தொறக்கல. அப்படி நான் என்ன பொய்யாச் சொல்லிட்டேன், நீயே சொல்லு.

பேச்சுதான் இல்லையே ஒழிய மத்ததுக்கு ஒரு கொறையும் இல்ல. கருவாட்டுக் கொழம்பு வச்சான்னா கிண்ணத்தைக் கொண்டாந்து எங்க திண்டுல வச்சுட்டு, கோழியைப் பாத்து, சூடு ஆறதுக்குள்ள சாப்புடச் சொல்லுன்னுட்டுப் போவா. நானும் சளைச்சவ இல்ல. கிண்ணத்தைக் கழுவி வச்சுட்டு, உப்புக் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுன்னு அதே கோழிகிட்டச் சொல்லி விடுவேன். எங்க தெருவுலயே அதிகமா விசயம் தெரிஞ்ச உசுரு அந்தக் கோழிதான்.

ஆனா அந்தச் செருப்பு இருக்கே செருப்பு, அதுதான் என் மானத்தை வாங்குனது. காட்டு வேலைக்குப் போறவ தாயி. கருவேல முள்ளு, சோளத்தட்டைக் கட்டை, சித்திரை வெயில்ல தார் ரோடு. நெழலுக்கு நெழல் ஓடி ஓடி நிப்பா. பாக்குறவுக எல்லாம் என்னையக் கேக்குறாக. என்ன அன்னமயிலு, மனசு வைக்கக் கூடாதா, அந்தக் கம்பியை எடுத்துக் குடுத்தா என்னங்கிறாக. கம்பி என்ன, கொண்டையில சொருகுன ஊசியா, உருவிக் குடுக்கிறதுக்கு?

ஆளாளுக்கு யோசனை வேற. உள்ள இருந்தா மழைக்காலத்துல இடியை இழுக்கும்னான் ஒருத்தன். எடுத்தா எலும்புல ஓட்டை ஓட்டையா நிக்கும், சல்லடை மாதிரி ஆகிரும்னா இன்னொருத்தி. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரு யாருக்கும் பொல்லாப்பு ஆக மாட்டாரு. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, எதுக்கு அவசரம், நீ செத்தா எரிக்கத்தானே போறோம், சாம்பல்ல கெடைக்கும்ல, அப்ப அதை எடுத்துச் செலுத்திக்கிறட்டும், ரெண்டு பேருக்கும் நட்டமில்லைன்னாரு. அதுவரைக்கும் உங்க தங்கச்சி செருப்பில்லாம அலையணுமான்னு கேட்டேன். ஆமால்லன்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. இந்த மனுசனோட இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்.

பூசாரிகிட்டயும் போனேன். அவரு நல்ல மனுசன். எடைக்கு எடை வேற இரும்பு குடுத்தாப் போதும், ஒரு அருவாள அடிச்சுக் கொண்டாந்து நட்டுருங்க, சாமி ஏத்துக்கிரும்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்காரரை விட்டு அவகிட்டச் சொல்லச் சொன்னேன். அவ ஒரே பேச்சுல முடிச்சுட்டாளாம். பூசாரிக்கு நான் வேண்டல, கருப்பனுக்கு வேண்டுனேன், அந்த இரும்புன்னு சொன்னேன், அந்த இரும்புதான்னு. அந்த, அந்த, அந்த. ஒரு சொல்லுல என்னைய மாட்டி விட்டா பாரு.

கல்லுப்பட்டி தாண்டிருச்சா? தண்ணி குடிச்சுக்கிறேன், இரு.

போன மாசம் வரைக்கும் நானும் அசையல. இருக்கிற பிளேட்டு ஒரு மூலையில இருந்துட்டுப் போகுது, அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்னுதான் இருந்தேன். சம்மணம் போட்டு உக்காந்தா கரண்டைகிட்ட ஒரு ஸ்க்ரூ உறுத்தும், அம்புட்டுத்தான். அன்னிக்கு ஒருநா அவ வாசல்ல உக்காந்து காலைத் தூக்கிப் பாத்துக்கிட்டிருக்கா. நான் பாக்குறது தெரிஞ்சதும் சேலையை இழுத்து மூடுறா. விடுவேனா? தண்ணிக் கொடம் எடுக்கிற மாதிரி அந்தப் பக்கமாப் போயி எட்டிப் பாத்தேன். பெருவிரலுக்கு அடியில முள்ளு தச்ச எடம் புண்ணாகி, சுத்திலும் கறுத்துப் போயிக் கெடக்கு. அவ சுகர்காரி தாயி. எங்க பக்கத்துத் தெருவுல சுகர்காரர் ஒருத்தருக்கு இப்படித்தான் ஒரு விரல்ல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் எடுத்தாக. கொடம் கையில இருந்து நழுவி வாசலெல்லாம் தண்ணி. உங்கிட்டச் சொல்றதுக்கென்ன, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

பெறகு யோசிச்சேன், இதுவும் ஒரு மெரட்டல்தானேன்னு. புண்ணைக் காட்டிக் காரியம் சாதிக்கப் பாக்குறா. எங்கிட்ட நடக்குமா? மறுநாளே வீட்டுக்காரரை விரட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி ஊசி போட வச்சேன். அங்க இருந்த டாக்டரு, இனிமே வெறுங்கால்ல நடந்தா நான் பொறுப்பில்லம்மான்னு சொல்லி அனுப்பியிருக்காரு. சரிங்க சாமின்னு சொல்லிட்டு, வெறுங்காலோடயே நடந்து வந்து பஸ் ஏறியிருக்கா. என்ன செய்யச் சொல்ற அவளை?

நான் யாருக்கும் சொல்லாமக் கெளம்பி மதுரைக்குப் போயிட்டேன். சின்ன வயசு லேடி டாக்டர், என் வயசுல பாதி இருக்கும். பிளேட்டை எடுக்கணும்னேன். வலிக்குதான்னு கேட்டாக. வலிக்கலைன்னா எதுக்கு எடுக்கணும்னு கேப்பாகள்ல? அதனால வலிக்குதுன்னேன். நடந்து காட்டுங்கன்னாக. நானும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, இழுத்து இழுத்து, பாத்தவுக கண்ணுல தண்ணி வர்ற மாதிரி நொண்டிக் காட்டுனேன். அந்தம்மா பாத்துட்டு, ஆபரேசன் பண்ணுனது இடது கால்தானே, நீங்க ஏன் வலது கால்ல நொண்டுறீகன்னு கேட்டாக. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. பெறகு என்ன, நாற்காலியில உக்காந்து கருப்பு, செருப்பு, புண்ணு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மியூசிக்கல் சேர் கதை வந்ததும் பக்கத்துல நின்ன நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாக.

டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு எக்ஸ்ரேயை விளக்குல மாட்டிக் காட்டுனாக. எலும்பு அருமையாச் சேந்திருக்கு, இதை எடுத்தே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல, காலம் முச்சூடும் உள்ளயே இருந்தாலும் தப்பில்லைன்னாக. உறுத்துதுன்னா எடுக்கலாம். ஆனா மறுபடி மயக்க ஊசி, மறுபடி கீறணும், சில ஸ்க்ரூ எலும்போட பிடிச்சுக்கிட்டு வராம மல்லுக்கட்டும், எடுத்த பெறகு ஓட்டையெல்லாம் ஊறி வர்ற வரைக்கும் பாத்துத்தான் நடக்கணும், இல்லைன்னா திரும்ப ஒடியும். முடிவு உங்களோடதுன்னாக. சொல்லிட்டு, சும்மா போற போக்குல ஒண்ணு சொன்னாக பாரு.

"அதோட, இது இரும்பே இல்லம்மா. டைட்டானியம்."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதோ கைக்கடியாரத்துப் பேரு மாதிரி இருக்கேன்னேன். இல்லம்மா, அது வேற உலோகம், துருப்பிடிக்காது, இரும்போட சேத்தி கெடையாதுன்னாக. எனக்குத் தலைகாலு புரியல. ஒன்றரை வருசமா எந்த இரும்புக்காக அவ முள்ளுல நடக்குறாளோ, எந்த இரும்புக்காக நாங்க பேசாமக் கெடக்கோமோ, அந்த இரும்பே இல்லையாம். வீட்டுக்கு வந்து பிரிட்ஜு கதவுல ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துக் காலு மேல வச்சு வச்சுப் பாத்தேன். ஒட்டல. விழுந்து விழுந்து சிரிக்கிறேன். வீட்டுக்காரரு வந்து பாத்துட்டு, பேயோட்டுற கோடாங்கியைக் கூப்புடவான்னாரு.

நீ கேப்ப, இதை அவகிட்டச் சொன்னா முடிஞ்சு போச்சுல்லன்னு. இரும்பே இல்லடி, வேண்டுதல் செல்லாது, செருப்பைப் போடு, என் காலும் தப்பிச்சது உன் காலும் தப்பிச்சதுன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஓடுனேன் அவ வீட்டுக்கு. வாசப்படி வரைக்கும் போயிட்டேன். உள்ள அவ முதுகைக் காட்டி உக்காந்து, புண்ணுக்கு மருந்து வச்சுத் துணியைச் சுத்திக்கிட்டே கருப்பன்கிட்டப் பேசுறா. சாமிகிட்டத்தான் நல்லாப் பேசுவாளே. "அவுக மேல கோவிச்சுக்கிறாத கருப்பா. நான் விழுந்ததுக்கு நான் நடக்குறேன், எம்புட்டு நாள்னாலும் நடக்குறேன். அவுக காலு நல்லாயிருக்கட்டும்"ங்கிறா.

நான் திரும்பி வந்துட்டேன் தாயி.

எப்படிச் சொல்லுவேன்? இரும்பு இல்லைன்னு சொன்னா, சாமியை ஏமாத்திட்டோமேன்னு பதறி அலகு குத்துறேன், பூ மிதிக்கிறேன்னு புதுசா எதையாவது வேண்டித் தொலைப்பா. சுகர்காரி நெருப்புல எறங்கலாமா? அது ஒண்ணு. இன்னொண்ணு, அம்புட்டு முள்ளையும் மிதிச்சவகிட்டப் போயி, நீ மிதிச்சதெல்லாம் ஒண்ணுமில்லாததுக்குடின்னு சொல்ல எனக்கு வாய் வரல. என்ன இருந்தாலும் நாத்தனா. வாய் வரல.

அதான் மறுநாளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, உறுத்துது, எடுத்துருங்கன்னுட்டேன். உறுத்துறது நெசந்தானே? கருப்பனை நெனச்சா எனக்குப் பயமே இல்ல. அவரு என்ன காந்தத்தை வச்சா பாக்கப் போறாரு? மத்தவுக வச்ச அருவாள் எல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. நம்மளது மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். ஊரே வந்து பாக்கும் பாரு.

இந்தப் பையில என்னன்னு பாக்குறியா? செருப்புதான். சுகர்காரவுக போடுறது, மெத்து மெத்துன்னு இருக்கும், தொட்டுப் பாரு. அவ குளிச்சுட்டு வாசல்ல ஈரக்காலோட நடந்து போனா, காயுறதுக்குள்ள அந்தத் தடத்துல நூலை வச்சு அளவு எடுத்துட்டேன். கடைக்காரன் காலைக் கொண்டாங்கன்னான், நான் நூலைக் குடுத்தேன். பாசமா? நீ வேற. அவ வெறுங்கால்ல அலைஞ்சா ஊரு என்னையத்தான பேசுது, அதுக்கு ஒரு முடிவு கட்டத்தான். கோயில்ல வச்ச மறுநிமிசம் அவ கால்ல மாட்டி விட்டுருவேன். குனிஞ்சு மாட்டத் தையலு விடாதுன்னா வீட்டுக்காரரை மாட்டச் சொல்லுவேன்.

திருப்பரங்குன்றம் மலை தெரிஞ்சிருச்சு. இந்தா, முழிச்சுட்டா. பையை மூடு, பையை மூடு. திரும்புறா. என்னைய இல்ல, உன்னையத்தான் பாக்குறா.

"தாயி, அவுககிட்டச் சொல்லு, எறங்கையில அவசரப்பட்டு இடது காலை ஊன வேணாம். நான் மொதல்ல எறங்கி நிக்கிறேன், என் தோளைப் பிடிச்சு எறங்கட்டும்."

கேட்டியா அதிகாரத்தை. சரின்னு சொல்லு. பிடிச்சுக்கிறாகளாம்னு சொல்லு.

"இன்னொண்ணும் கேளு தாயி. அந்த இரும்பைக் கழட்டுனதும் நம்ம கையில குடுத்துருவாகளா, இல்ல குப்பையில போட்டுருவாகளா? அவுக டாக்டர்கிட்டக் கேட்டாகளா?"

கேட்டாச்சுன்னு சொல்லு தாயி. கழுவித் தொடைச்சு, ஒரு டப்பாவுல போட்டு, வேற யாருகிட்டயும் குடுக்காம அவ கையிலதான் குடுக்கணும்னு சொல்லியிருக்குன்னு சொல்லு. என்ன என் மூஞ்சியவே பாக்குற? அவ காத்துக்கிட்டிருக்காள்ல. இரும்பு வந்துரும்னு சொல்லு.